குளிரில் துணி காயலையா? கரி அடுப்பு வேண்டாம், காத்து போதும்! நீலகிரி வீடுகளுக்கு கைகொடுக்கும் குறைந்த செலவு வழிகள்

ஊட்டி:

நீலகிரி மாவட்டத்தில் குளிர்காலம் வந்து விட்டால் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் ஒன்றுதான். 'துணி காயலையே!'

திங்கட்கிழமை துவைத்த ஜீன்ஸ் பேண்ட் வியாழக்கிழமையும் ஜில்லென்று கொடியில் தொங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு சாக்ஸ் காயாது. ஸ்வெட்டரில் ஒரு புளித்த வாடை. பீரோவை திறந்தால் பூஞ்சை நெடி. தேயிலை தோட்டத்துக்கு போய் நனைந்து வருகிறவர்களுக்கோ மறுநாள் மாற்றிக் கட்ட காய்ந்த துணி கிடைப்பதே பெரும்பாடு.

இந்த அவசரத்தில்தான் சிலர் ஒரு விபரீத காரியத்தை செய்கிறார்கள். இரும்புச் சட்டியிலோ, கணப்பு அடுப்பிலோ கரியை மூட்டி அறைக்குள் வைத்து, மேலே கொடி கட்டி துணியை போடுகிறார்கள். குளிருக்கும் இதமாக இருக்கிறது, துணியும் காய்கிறது என்று கதவு, ஜன்னலை சாத்திக்கொண்டு படுத்து விடுகிறார்கள். இப்படி மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் நீலகிரியிலும், கொடைக்கானலிலும் நடந்துள்ளன.

துணி காய நெருப்பு தேவையில்லை. அதிக செலவும் தேவையில்லை. துணி ஏன் காயவில்லை என்ற காரணம் தெரிந்தால் போதும். பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்து விடும்.

துணி ஏன் காய மறுக்கிறது?

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரத்து 300 அடி உயரத்தில் இருக்கிறது ஊட்டி. குன்னூர், கோத்தகிரி அதைவிட தாழ்வு என்றாலும் அங்கும் குளிருக்கு பஞ்சமில்லை. வடகிழக்கு பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் அதிகமாக பெய்யும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, சாரல், மேகமூட்டம் என்று மாறி மாறி வரும். நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கி, பிறகு உறைபனி விழும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளை வெளேர் என்று ஆகி விடும்.

குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தை தாங்கும் சக்தி குறைவு. 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை தாங்கும். 15 டிகிரியில் அது 13 கிராமுக்கும் கீழே போய் விடுகிறது. 10 டிகிரியில் வெறும் 9 கிராம் சொச்சம்தான். சென்னையில் 2 மணி நேரத்தில் காயும் சட்டை ஊட்டியில் 2 நாள் இழுப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு சின்ன கணக்கு போட்டு பார்க்கலாம். 10-க்கு 10 அறை, உயரமும் 10 அடி. உள்ளே 15 டிகிரி குளிர். அந்த அறை காற்று மொத்தமாக தாங்கக்கூடிய ஈரம் சுமார் 360 கிராம். மழைக்காலத்தில் அதில் 80 சதவீதம் ஏற்கனவே நிரம்பி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் இருக்கும் இடம் 70 கிராம். அதாவது ஒரு டம்ளரில் கால்வாசி, அரைவாசி தண்ணீர்.

ஆனால் மெஷினில் பிழிந்த 5 கிலோ துணியில் சுமார் 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்த 3 லிட்டரும் காற்றில் கலந்து வெளியே போக வேண்டுமானால், அறையில் உள்ள காற்று 40 தடவைக்கு மேல் மாற வேண்டும். ஜன்னலை இறுக்கி சாத்தினால் அது எப்படி நடக்கும்? துணியில் இருந்து கொஞ்சம் ஈரம் வெளியேறும். காற்று நிரம்பி விடும். அதோடு சரி. அந்த ஈரமும் குளிர்ந்த சுவரிலும், ஜன்னல் கண்ணாடியிலும் போய் முத்து முத்தாக படியும்.

ஆக, துணி காய்வதற்கு முதல் தேவை காற்று மாறுவது. சூடு அதற்கு அடுத்துதான்.

முதல் வேலை: பிழிவதுதான்

கொடியில் போடுவதற்கு முன்பே எவ்வளவு தண்ணீரை வெளியேற்றுகிறோமோ, அவ்வளவு லாபம். கையால் பிழிந்த பருத்தி துணியில், அதன் எடை அளவுக்கே தண்ணீர் தங்கி இருக்கும். 5 கிலோ துணி என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். வாஷிங் மெஷினில் நன்றாக ஸ்பின் செய்தால் அது சுமார் 3 லிட்டராக இறங்கி விடும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மாற ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்கு சமமான வெப்பம் வேண்டும். அப்படி பார்த்தால் ஸ்பின்னர் 5 நிமிடத்தில் வெளியேற்றும் 2 லிட்டர் தண்ணீரை ஹீட்டர் வைத்து விரட்ட 1.4 யூனிட் வேண்டும். ஸ்பின்னருக்கு ஆகும் கரண்டோ ஒரு யூனிட்டில் 50-ல் ஒரு பங்குதான். அதனால் மெஷின் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஸ்பின் போடுவது நல்லது. முதல் தடவை முடிந்ததும் துணியை உதறி, புரட்டிப் போட்டு மறுபடியும் சுற்ற விட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடியும்.

மெஷின் இல்லாத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. காய்ந்த பெரிய துண்டை விரித்து, அதன் மேல் ஈரத்துணியை பரப்பி, பாய் சுருட்டுவது போல சுருட்ட வேண்டும். அதன் மேல் ஏறி நின்று நன்றாக மிதித்தால் துணியில் உள்ள ஈரத்தில் கணிசமான பங்கு துண்டுக்கு வந்து விடும். போர்வை, பெட்ஷீட் என்றால் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையை பிடித்து முறுக்குவதுதான் சரி.

கம்பளி ஸ்வெட்டரை மட்டும் முறுக்கவே கூடாது. வடிவம் போய் விடும். துண்டில் சுருட்டி அமுக்கி எடுத்து, ஒரு கயிற்றுக் கட்டிலிலோ, கம்பி ஸ்டாண்டிலோ படுக்கை வசமாக விரித்து காய வைக்க வேண்டும். ஹேங்கரில் மாட்டினால் ஈர கனத்தில் தொங்கி, கை இரண்டும் முழங்காலுக்கு வந்து விடும்.

கொடி கட்டுவதிலும் சூட்சுமம் இருக்கு

ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு தொங்கும் துணி காயாது. இரண்டு துணிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். சட்டை, சுடிதார், யூனிபார்ம் எல்லாவற்றையும் கொடியில் மடித்துப் போடாமல் ஹேங்கரில் மாட்டினால் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் காற்று படும். ஜீன்சை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாக்கெட்டை வெளியே இழுத்து விட்டு, இடுப்பு பகுதி விரிந்து இருக்கும்படி கிளிப் போட வேண்டும்.

பெட்ஷீட்டை இரண்டாக மடித்து ஒரே கொடியில் போடாமல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கொடி கட்டி அதன் மேல் பந்தல் மாதிரி விரித்தால் நடுவிலும் காற்று ஓடும்.

கொடி சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியின் ஈரம் சுவரில் இறங்கி கருப்பு புள்ளி புள்ளியாக பூஞ்சை பிடிக்கும். பீரோவுக்கு பின்னால், கட்டிலுக்கு மேலே கொடி கட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

அறையில் உள்ள சூடான காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். அதனால் கூரையில் கப்பி மாட்டி, கயிறு போட்டு கொடியை மேலே ஏற்றுகிற முறை நல்ல பலன் தரும். துணி போடும்போது கொடியை கீழே இறக்கலாம், பிறகு கயிற்றை இழுத்து மேலே ஏற்றி விடலாம். இடமும் அடைக்காது. இரண்டு கப்பி, நைலான் கயிறு, ஒரு மூங்கில் கழி இருந்தால் போதும். வீட்டில் உள்ளவர்களே மாட்டிக்கொள்ளலாம்.

டேபிள் பேன் ஒன்று போதும்

மலையில் பல வீடுகளில் மின்விசிறியே கிடையாது. குளிரும் ஊரில் பேன் எதற்கு என்று யாரும் வாங்குவதில்லை. ஆனால் துணி காய வைப்பதற்கு ஹீட்டரை விட பேன்தான் சிக்கனமான ஆயுதம்.

ஈரத்துணியை சுற்றி ஈரக்காற்று ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். பேன் காற்று அதை விரட்டி விடும். புதுக்காற்று வந்து மறுபடி ஈரத்தை உறிஞ்சும். இதற்கு பேனை துணிக்கு நேர் எதிரே, பக்கவாட்டில் வைக்க வேண்டும். கூடவே ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே ஈரக்காற்றுதான் அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும்.

செலவு எவ்வளவு? 50 வாட் டேபிள் பேனை 10 மணி நேரம் ஓட விட்டால் அரை யூனிட். தினமும் ஓட்டினாலும் 2 மாதத்துக்கு 30 யூனிட்தான். அதே சமயம் 1000 வாட் ஹீட்டரை தினமும் 5 மணி நேரம் போட்டால் ஒரு நாளைக்கு 5 யூனிட். 2 மாதத்துக்கு 300 யூனிட். கரண்ட் பில் மேல் சிலாப்புக்கு தாவி விடும். பில்லை பார்க்கும்போதுதான் உண்மையான குளிர் நடுக்கம் வரும்.

துணி காய வைக்க வீட்டில் ஒரே ஒரு அறையை ஒதுக்குவது நல்லது. அந்த அறையின் கதவை சாத்தி வைத்தால் ஈரம் மற்ற அறைகளுக்கு பரவாது. தனி அறைக்கு வழி இல்லாத லைன் வீடுகளில், சமையல் முடிந்து அடுப்பை அணைத்த பிறகு சமையல் அறையில் போடலாம். அந்த இடம் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். புகைபோக்கியோ, எக்சாஸ்ட் பேனோ இருந்தால் ஈரமும் வெளியே போய் விடும். ஆனால் அடுப்பு எரியும்போது கொடியில் துணி இருக்கவே கூடாது.

பனி நாள் வேறு, மூடுபனி நாள் வேறு

குளிர் என்றாலே ஜன்னலை திறக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இது தப்பு.

உறைபனி விழும் நாட்களில் இரவு வானம் தெளிவாக இருக்கும். மறுநாள் பகலில் வெயிலும் பளிச்சென்று அடிக்கும், காற்றும் வறண்டு இருக்கும். அந்த நாட்களில் காலை 10 மணி முதல் மதியம் 3 மணி வரை துணியை வெளியே போட்டால் நன்றாக காயும். வெளியே இடம் இல்லாதவர்கள் அந்த நேரத்தில் எல்லா ஜன்னல்களையும் திறந்து விட வேண்டும். வெயில் இறங்கும் முன்பே துணியை உள்ளே எடுத்து விட வேண்டும். மறந்து விட்டால் இரவு பனி மறுபடியும் நனைத்து விடும். காலையில் பார்த்தால் வேட்டி, சட்டை எல்லாம் அப்பளம் போல விறைத்து நிற்கும்.

சாரலும் மேகமூட்டமுமாக இருக்கும் நாட்களில் கதையே வேறு. ஜன்னலை அகலமாக திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்து விடும். அப்போது காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்து பேனை ஓட விட வேண்டும். வெளியே உள்ள காற்று ஈரமாக இருந்தாலும், அது வீட்டுக்குள் வந்து சில டிகிரி சூடானதும் இன்னும் கொஞ்சம் ஈரத்தை தாங்கும் சக்தி பெறும். அதனால் இந்த சின்ன திறப்பும் வீண் போகாது.

இந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு மூட்டை துவைப்பதை விட, தினமும் நாலைந்து துணி துவைப்பதே புத்திசாலித்தனம். ஒரே நாளில் 10 லிட்டர் தண்ணீரை வீட்டுக்குள் தொங்க விட்டால் எந்த பேனும் சமாளிக்காது.

கொல்லையில் கொஞ்சம் இடம் இருக்கிறவர்கள் ஒளி ஊடுருவும் ஷீட் போட்டு சின்ன சாய்ப்பு இறக்கிக் கொள்ளலாம். நீலகிரியில் கொய்மலர் வளர்க்க பசுமைக்குடில் போடுகிறார்களே, அதே தத்துவம்தான். வெயில் உள்ளே வரும், மழை வராது. மேல்பக்கம் காற்று போக ஒரு இடைவெளி விட வேண்டும். நாலு பக்கமும் அடைத்து விட்டால் ஷீட்டின் உள்பக்கம் நீர் கோர்த்து, சொட்டு சொட்டாக துணி மேலேயே விழும்.

காலையில் யூனிபார்ம் வேணும்... என்ன செய்வது?

சாயங்காலம் 6 மணிக்கு பிள்ளை சேறும் சகதியுமாக வருகிறது. மறுநாள் காலை 8 மணிக்கு அதே யூனிபார்ம் வேண்டும். இப்படி ஒரு நிலை வராத வீடே இல்லை. துவைத்து, பிழிந்து, துண்டில் சுருட்டி மிதித்து, ஹேங்கரில் மாட்டி டேபிள் பேன் எதிரே தொங்க விட்டால் பாலியஸ்டர் கலந்த துணி விடிவதற்குள் பெரும்பாலும் காய்ந்து விடும். பாலியஸ்டர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. முழு பருத்தி என்றால் காலர், இடுப்பு பட்டை, பாக்கெட் ஓரம் மட்டும் ஈரமாக இருக்கும். அந்த இடங்களை காலையில் அயர்ன் செய்தால் போதும். சொட்ட சொட்ட உள்ள துணியை அயர்ன் பாக்ஸ் கொண்டு காய வைக்க முயன்றால் நேரமும் வீண், கரண்டும் வீண்.

நனைந்த ஷூவுக்குள் பழைய நியூஸ் பேப்பரை கசக்கி திணித்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஈரமான பேப்பரை எடுத்து விட்டு புதிதாக திணித்தால் காலைக்குள் போட்டுக்கொள்ளும் பக்குவத்துக்கு வந்து விடும்.

அந்த வாடைக்கு காரணம் என்ன?

துணி மெதுவாக காய்ந்தால் வரும் புளித்த வாடைக்கு காரணம் கிருமிகள். 2012-ம் ஆண்டு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் மோராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் இந்த வாடைக்கு முக்கிய காரணம் என்று கண்டறிந்தனர். துணி ஈரமாக கிடக்கும் நேரம் நீள நீள இது பெருகும். சாம்பிராணி புகை போட்டாலும், சென்ட் அடித்தாலும் வாடை மறையுமே தவிர கிருமி போகாது. வாடை வந்த துணியை சுடுதண்ணீரில் மறுபடி அலசி, வேகமாக காய வைப்பதுதான் வழி.

துவைத்த துணியை பக்கெட்டிலோ, மெஷினிலோ மணிக்கணக்கில் விட்டு வைப்பதும் இதே சிக்கலை கொண்டு வரும். உள்ளாடை, சாக்ஸ் போன்றவற்றை அரை ஈரத்தோடு போட்டால் படர்தாமரை போன்ற தோல் தொல்லைகள் வர வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் ஆஸ்துமா, மூச்சுத்தொல்லை அதிகரிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் எச்சரித்துள்ளது. இருமல், இழுப்பு உள்ள குழந்தைகளும் முதியவர்களும் படுக்கும் அறையில் ஈரத்துணி போடாமல் இருப்பதே நல்லது.

உயிருக்கே உலை வைக்கும் கரி அடுப்பு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கரி எரியும்போது புகை அதிகம் வராது. அதனால்தான் ஆபத்து இல்லை என்று நினைத்து விடுகிறார்கள். ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையில் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. கண் எரியாது.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனை சுமந்து செல்லும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயு ஒட்டிக்கொள்ளும். உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போய் விடும். முதலில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வரும். பிறகு மயக்கம். தூங்கிக் கொண்டிருப்பவர்களுக்கு இந்த அறிகுறி எதுவுமே தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய் விடும். தணல் அடங்கி சாம்பல் பூத்து விட்டது என்று உள்ளே எடுத்து வைப்பதும் இதே ஆபத்துதான். உள்ளே கனிந்து கொண்டிருக்கும் கரியில் இருந்து வாயு வந்து கொண்டே இருக்கும்.

கணப்பு மூட்டிய அறையில் யாருக்காவது தலை வலித்தாலோ, குமட்டினாலோ உடனே கதவு, ஜன்னலை திறந்து விட்டு எல்லோரும் வெளியே வந்து விட வேண்டும். மயங்கியவரை திறந்தவெளிக்கு கொண்டு வந்து 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

கியாஸ் அடுப்பை எரிய விட்டு துணி காய வைப்பதும் வேலைக்கு ஆகாது. ஒரு கிலோ சமையல் கியாஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீருக்கு சமமான நீராவி உண்டாகும். துணியில் உள்ள ஈரம் போதாதென்று அடுப்பும் அறைக்குள் ஈரத்தை கொட்டும். மூடிய அறை என்றால் விஷ வாயு அபாயமும் உண்டு. கொடியில் இருந்து ஒரு துணி நழுவி விழுந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

ஹீட்டர் மேல் சாக்ஸ் போடுவது, கூடையை கவிழ்த்து உள்ளே குண்டு பல்பை எரிய விட்டு அதன் மேல் குழந்தை துணியை பரப்புவது, இரண்டுமே தீ விபத்துக்கு நாமே வைக்கும் அழைப்பு. ஹீட்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் துணியில் இருந்து 3 அடிக்கு மேல் தள்ளி வைத்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போட வேண்டும். தூங்கப் போகும் முன்பு சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விட வேண்டும்.

நன்றாக பிழிந்து, இடைவெளி விட்டு போட்டு, பேனை ஓட விட்டு, ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால் அரை யூனிட் கரண்டில் வேலை முடிந்து விடும். அப்படியும் ஒரு சட்டை காயவில்லை என்றால் இன்னொரு நாள் தொங்கட்டும். அதற்காக கரியை மூட்டி கதவை சாத்த வேண்டாம்.